நிமியா எறிந்த நெருப்பு

லாம்பரே ஊர் மருந்துக்கடையில் இருபது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நிமியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொய் பேச மாட்டாள். அவளைத் திட்டுகிறவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளை நாற்பத்தைந்து வயதில் ஒரு விளையாட்டு பொய்க்காரி ஆக்கிவிட்டது.

பதினேழு வயதில், கறிக்கடைக்குப் பக்கத்தில் நின்ற வீடியோ கேம் பெட்டியில் காசு போட்டு அவள் ஆடிய சண்டை விளையாட்டு அது. இப்போது அதைத் தூசு தட்டி கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மகள் ரொசியோ அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

வாங்கியதோடு முடிந்ததா? கணக்குத் தொடங்கு என்றது. மெயிலுக்கு வந்த எண்ணைப் போடு என்றது. பிறகு ஒரு மணி நேரம் எதையோ இறக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் பெட்டி மக்கர் செய்தால் பக்கவாட்டில் ஓர் அடி, தீர்ந்தது. இதை எங்கே அடிப்பது? போதாக்குறைக்கு, பழைய டிவி மாதிரி தெரியட்டும் என்று திரையில் வேண்டுமென்றே கோடு போட்டிருந்தார்கள்.

“அந்தக் கோடு போகணும்னுதான்டி நாங்க அப்ப பெட்டியத் தட்டினோம்!” என்று நிமியா தலையில் அடித்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினால் குத்து ஆடி அசைந்து வந்து விழுந்தது. பாட்டையும் மாற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். நீலக் கச்சை கட்டிய அவளுடைய வீராங்கனை தாவி எழுந்து, அந்தரத்தில் இருந்தபடியே நெருப்பு உருண்டை எறிய வேண்டும். எறியவில்லை. கட்டைவிரல் வீங்கும் வரை முயன்றாள். வீராங்கனை தன் பாட்டுக்குத் தாவினாள், சும்மா இறங்கினாள்.

தெருவில் யாராலும் ஜெயிக்க முடியாத டெர்லிஸை அந்த நெருப்பால்தான் நிமியா வீழ்த்தினாள். அடைமழை நாள், பெட்டியருகே அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. மழை விட்டதும் டெர்லிஸ், தான்தான் ஜெயித்ததாகச் சொல்லிவிட்டான். அடுத்த வாரமே பெட்டியையும் மாற்றிவிட்டார்கள். அவள் ஜெயித்த பெட்டி எல்லை ஊரிலிருந்து வந்தது. அங்கே அசலில் இல்லாத நாலு வித்தையைச் சேர்த்துத்தான் நகல் எடுப்பார்கள். தான் ஆடியது நகல் என்று நிமியாவுக்கு மட்டும் தோன்றவே இல்லை.

‘என் நெருப்பைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று அந்த விளையாட்டின் இணையப் பக்கத்திலேயே காரசாரமாக எழுதிப் போட்டாள். ‘ஆன்ட்டி, அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, கனவு கண்டீர்களா’ என்று பதில் வந்தது. இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் சிரித்தால் போகட்டும். ரொசியோ வந்து தோளைத் தொட்டாள்.

“வயசானா ஞாபகம் குழம்பும்மா. விடு.”

அந்தக் கரிசனம்தான் நிமியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்ற மகளே நம்பவில்லை. உடனே டெர்லிஸுக்குப் போன் போட்டாள்.

இப்போது பஸ் ஓட்டும் டெர்லிஸ், ஞாயிறு மதியம் தொப்பையும் ஐஸ் தண்ணீர்க் குடுவையுமாக வந்து சேர்ந்தான். தெரெரே என்ற ஐஸ் டீக்கான இலை போட்ட குவளையில் தண்ணீர் ஊற்றி உறிஞ்சினான்.

“டேய், என் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லு. அன்னிக்கு ஒரே தாவுல ரெண்டு நெருப்பு விட்டேனா இல்லையா?”

“நெருப்பா? தாயே, நீ வாயிலதான் விடுவ. பெட்டில ஒண்ணும் வரல.”

ரொசியோ சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நிமியா வந்த கோபத்தில் குவளையைப் பிடுங்கி வைத்துவிட்டு, பொத்தான் வைத்த ஆட்டக் கட்டையை அவன் மடியில் எறிந்தாள்.

“ஆடு. பேசாத.”

ஆட்டம் தொடங்கியது. டெர்லிஸ் ஆட்டிய குண்டு வீரன் முன்னேறி முன்னேறி அடித்தான். நிமியாவின் வீராங்கனை தாவினாள். உடனே குண்டன் குனிந்து கையால் தலையை மறைத்துக்கொண்டான். மேலிருந்து எதுவும் வரவில்லை. மறுபடி தாவினாள். மறுபடி குனிந்தான். அவள் நிதானமாக இறங்கி வந்து உதைத்தாள். நாலாவது தடவையும் அதேதான். குண்டன் சுருண்டு விழுந்தான்.

ரொசியோவின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

“டெர்லிஸ் மாமா, அம்மா தாவுறப்பல்லாம் எதுக்கு ஒளியிறீங்க? மேலேருந்துதான் ஒண்ணுமே வராதே?”

டெர்லிஸ் தன் விரல்களைப் பார்த்தான். அவை இன்னும் பொத்தானை இறுக அழுத்திக்கொண்டிருந்தன.

“உங்கம்மா சொன்னது பொய்தான்,” என்றான் கடைசியில். “ரெண்டு இல்ல. மூணு விட்டா.”