ஷட்டவுன் மாதத்தில் பார்த்த வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் வாஸ்து பார்ப்பார்கள், பட்டா பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் எங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, இருமுகிறாளா என்று பார்த்தோம். எந்த ஊரில் இருமவில்லையோ அந்த ஊரில் வாங்குவது என்று முடிவு.

இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

அப்போது ராயபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் வரிசையில் காத்துக்கிடக்கும் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே வீடு. நான் துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் போடுகிறவள். கணவர் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வெல்டர். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீசிங். முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு மழை வெயில் பார்ப்பதை விட்டுவிட்டது. "இடத்தை மாத்திப் பாருங்கம்மா" என்றார் டாக்டர். எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை. அவருக்கென்ன, அண்ணா நகரிலிருந்து காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து போகிறவர்.

வீட்டு ஓனரும் இடித்துக் கட்டப்போகிறேன், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் சக்திக்கு எட்டியவை இரண்டே ஊர்கள்தான்: எண்ணூர், மணலி புதுநகர். நடுவில் கால்வாயையும் ஆற்றையும் வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கிடக்கிற ஊர்கள். இந்த ஊர்க்காரர்கள் அந்த ஊரைக் கலீஜ், ஒரே நாற்றம் என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் இந்த ஊரை அப்படியே சொல்வார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான்.

எனக்கு எண்ணூர் வேண்டும். ரயில் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் ராயபுரத்தில் இறங்கி ஆபீசுக்கு நடந்துவிடலாம். மாடியில் நின்றால் கடல் தெரியும். கணவருக்கு மணலி புதுநகர். அகலமான தெரு, ஒழுங்கான வரிசை வீடுகள், அவர் வேலைக்குப் பக்கம். இதற்காக நாங்கள் போட்ட சண்டையில் பேசிய பேச்சுகளை எழுதினால் மாதா கோயிலில் என்னை உள்ளே விடமாட்டார்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"நம்ம மூக்கு செத்துப்போயி எவ்ளோ நாளாவுது. நீயும் நானும் மோந்து பாத்து இன்னா தெரியப்போவுது? பாப்பாவ இட்டுகினு போலாம்மே. அது நெஞ்சு சொல்லட்டும்."

அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. வெளியூரிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்கள் பேசின் பிரிட்ஜ் வரும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பார்கள். என்ன நாற்றம் என்று நாங்கள் கேட்போம். நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியாது.

இந்த இடத்தில் ஷட்டவுனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய கம்பெனிகளில் வருடத்துக்கு ஒரு முறை எல்லா மெஷினையும் நிறுத்தி, குழாய்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். அதுதான் ஷட்டவுன். வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் எல்லோருக்கும் ராத்திரி பகலாக வேலை, இரட்டைக் கூலி. அதனால் எங்கள் தெருக்களில் காதுகுத்து, நிச்சயதார்த்தம், ஃபிரிட்ஜ், வீட்டுக்கு அட்வான்ஸ் எல்லாமே ஷட்டவுனை ஒட்டித்தான் நடக்கும். "ஷட்டவுன் வரட்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். நாங்களும் கணவருக்கு ஷட்டவுன் வேலை கிடைத்த பிறகுதான், கையில் காசும் தைரியமும் வந்து, வீடு பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் எண்ணூர். நான் ஆசைப்பட்ட ஊர் என்பதால் மகளுக்குப் புது கவுன் போட்டுக் கூட்டிப்போனேன், அந்தக் கவுன் ஏதோ எனக்காகச் சிபாரிசு செய்யப்போகிற மாதிரி. ஸ்டேஷனில் இறங்கியதும் பால் ஐஸ் வேண்டுமென்று அடம் பிடித்தாள். வாங்கிக் கொடுத்தேன். வீடு நன்றாகத்தான் இருந்தது. மாடி ஏறினோம், கடல் தெரிந்தது. ஜன்னல் கட்டையில் விரலை வைத்தால் சாம்பல் ஒட்டியது. அதைத் சேலைத் தலைப்பில்... இல்லை, அன்று சுடிதார், துப்பட்டாவில் கணவர் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். புரோக்கர் டீ வாங்கிவந்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் மகள் இருமத் தொடங்கினாள். நின்றபாடில்லை. கணவர் என்னைப் பார்த்தார். ஜெயித்த முகம்கூட இல்லை, பாவம், பயந்த முகம். அந்த இருமல் எண்ணூர்க் காற்றாலா, சாம்பலாலா, நான் வாங்கிக் கொடுத்த பால் ஐஸாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுவாரம் மணலி புதுநகர். கணவர் அந்த ஊருக்குத் தெற்கே உள்ள கம்பெனியில்தான் ஷட்டவுன் வேலையில் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெல்மெட்டோடு நாங்கள் பார்க்கப்போன வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் மாடி, அதனால் வெள்ளம் வந்தாலும் பயமில்லை. விற்கிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மகளுக்கு ரஸ்னா கலந்து கொடுத்தாள். மகள் குடித்தாள், குதித்தாள், மாடிப்படியில் ஏறி இறங்கினாள். ஒரு இருமல் இல்லை. மொட்டை மாடியில் நின்று நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. தெற்கே ஒரு உயரமான கம்பம் நின்றது. ஏதோ செல்போன் டவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாப்பாக்கு இந்த ஊரு காத்து ஒத்துக்கும்க்கா" என்றாள் அந்தப் பெண், என் முகத்தைப் பார்க்காமல்.

படுக்கையறையில் கட்டிலை ஒட்டி, தலையணை உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. மற்ற பாயின்ட் எல்லாம் மேலே சுவிட்சோடு இருக்க, இது மட்டும் தனியாகப் பிற்பாடு போட்டது மாதிரி இருந்தது. "இது எதுக்கு இங்க?" என்று கேட்டேன். "போன் சார்ஜ் போட்றதுக்கு" என்றாள். நல்ல யோசனைதான் என்று நினைத்தேன்.

பத்திரம் முடிந்தது, பால் காய்ச்சினோம், குடிவந்தோம். அடுத்த ஞாயிறு சாயங்காலம் வீடு மந்திரிக்க ஃபாதரை அழைத்திருந்தோம். அதற்கு முதல் நாள் கணவர் பிரியாணியோடு வந்தார். "ஷட்டவுன் முடிஞ்சி போச்சி. ஸ்டார்ட் பண்ணிட்டாங்கோ. இனிமே வூட்லதான்" என்றார். நாங்களும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

ஞாயிறு அன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அறை அறையாக வரும்போதே மகள் இருமினாள். சாம்பிராணிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். சாம்பிராணியைக் கொண்டுபோய் வெளியே வைத்தோம். இருமல் நிற்கவில்லை. ஃபாதர் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார். பிள்ளைக்கு நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது. ஜன்னலைத் திறக்கலாமென்று திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. செத்துப்போன என் மூக்குக்கே தெரிந்தது. தெற்கே அந்தச் செல்போன் டவரின் உச்சியில் தீ எரிந்துகொண்டிருந்தது.

"அது இன்னாய்யா?" என்றேன்.

"கம்பெனிதான். மிச்ச கேஸ எரிக்கிற கம்பம்."

"நாம வூடு பாக்க வந்தப்போ?"

ஜன்னலை இழுத்துச் சாத்தினார். "ஷட்டவுன்ல இருந்துச்சி" என்றார்.

"நீ உள்ளாறதானே இருந்த?"

"உள்ளாறதான் வெல்டிங் பண்ணிகினு இருந்தேன். இது தோணலமே. சத்தியமா தோணல."

அவரை நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது. அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. ராயபுரத்திலிருந்து எடுத்துவந்த, மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மெஷினைத் தேடி எடுத்தேன். மகளைக் கட்டிலில் படுக்கவைத்து, மூக்கில் மாஸ்க்கை வைத்து, ஒயரை நீட்டினேன். பிளக் பாயின்ட் கைக்கு அருகிலேயே இருந்தது. குனியவோ எழுந்திருக்கவோ வேண்டாம், பிள்ளையின் தலையைப் பிடித்தபடியே செருகிவிடலாம். யாரோ ஒருத்தி அளந்து போட்டது மாதிரி, அத்தனை சரியாக இருந்தது.

வீட்டை விற்றவளுக்கும் இருமுகிற பிள்ளை இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் பார்க்க வந்த அன்று பிள்ளையின் பொருள் ஒன்றுகூட வெளியில் இல்லை, ஒளித்துவைத்திருக்கிறாள். அவளை நான் சபித்த சாபம் கொஞ்சமல்ல. அவள் எந்த ஊரில் இருந்தாலும் அவளுக்கு அன்று விக்கல் எடுத்திருக்கும்.

அந்த வருடம் முழுக்க மகள் பள்ளிக்கூடம் போனதைவிட கட்டிலில் கிடந்ததுதான் அதிகம். தீயின் உயரத்தைப் பார்த்து அவளே சொல்வாள், "அம்மா, இன்னிக்கு மெஷின் வைக்கணும்." பிள்ளை பேசுகிற பேச்சா இது.

மறுபடி ஷட்டவுன் வந்தது. தீ அணைந்தது. ஒரு வாரத்தில் மகள் படியில் ஏறி இறங்கி ஓடத் தொடங்கினாள். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இப்பவே வித்துடணும். இத்த வுட்டா அடுத்த வருசந்தான்" என்றார். அந்தப் பெண் செய்ததையே நாங்களும் செய்யப்போகிறோம் என்று தெரிந்தது. ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. எண்ணூரில் மறுபடி வீடு பார்க்கலாம், அன்றைக்கு இருமியது பால் ஐஸாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம்.

புரோக்கர் ஒரு குடும்பத்தை அழைத்துவந்தார். புருஷன், பெண்டாட்டி, மெலிந்த ஒரு பெண் குழந்தை. அவர்கள் முதலில் அறைகளைப் பார்க்கவில்லை. குழந்தையை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை இருமவில்லை. கீழே இறங்கி வந்ததும் நான் ரஸ்னா கலந்து கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

படுக்கையறையில் குழந்தையின் அம்மா பிளக் பாயின்ட்டைப் பார்த்து நின்றாள். "இது இன்னாக்கா, இங்க?"

பின்னால் கணவர் தொண்டையைச் செருமினார். போன் சார்ஜ் என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. என் மகள் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெபுலைசர் வெக்கறதுக்கு" என்றேன். "இப்போ ஷட்டவுன். அதான் இப்டி கீது. ஸ்டார்ட் பண்ணா ஜன்னலத் தொறக்க முடியாது."

கணவர் வெளியே போய்விட்டார். புரோக்கர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். அவள் மட்டும் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. குனிந்து பாயின்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க வூட்ல ஹால்லேர்ந்து ஒயர் இஸ்துகினு வந்து வெக்கறோம்க்கா. ராத்திரில தடுக்குது" என்றாள். "நீங்க இத வித்துட்டு எங்க போறீங்கோ?"

"எண்ணூர் பக்கம் பாக்கறோம். நீங்க எங்கேர்ந்து வர்றீங்கோ?"

அவள் தன் குழந்தையைக் கைப்பிடித்து வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எண்ணூருதான்க்கா" என்றாள். "அங்க போனா மொதல்ல கட்டிலாண்ட ஒரு பாயின்ட் போட்டுக்கோங்கோ."