துளசிங்கம் வாத்தியார் கட்டிய வாசல்

எங்கள் ஸ்டேஷன் ரோட்டில் துளசிங்கத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாத்தியார் என்றால் அவர்தான். திருத்தணியில் பாதிப் பேருக்கு டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் சொல்லிக்கொடுத்தவர். காலம் மாறியதும் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, இன்ஸ்டிட்யூட்டையே பிரவுசிங் சென்டராக்கிவிட்டார். பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸும் எஸ்டிடி பூத்தும். நடுவில் ஒரு செங்கல் சுவர்தான், அவர் இருமினால் எனக்குக் கேட்கும். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவருக்கு ஒரே மகள், சந்திரா. தொண்ணூற்றெட்டில், அவரிடமே ஹையர் படிக்க வந்த குணசேகரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். பையன் தங்கமான பையன். சாதி வேறு. நம் ஊருக்கு அது போதாதா? வாத்தியார் கத்தவில்லை, அடிக்கக் கிளம்பவில்லை. வாயை மூடிக்கொண்டார். கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

சில மாதம் கழித்து அவள் என் பூத்துக்குப் போன் பண்ணினாள். "பாலு மாமா, நைனாவக் கொஞ்சம் கூப்புடுங்க" என்றாள். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கடைல ஆளுங்க இருக்காங்க பாலு" என்றார்.

கடையில் ஈ, காக்கை இல்லை. நான் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தபோது லைனில் யாரும் இல்லை. பிறகு அவர்கள் ஷார்ஜா பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கும் தெரியாது. வீம்பு பிடித்தவனுக்கு அறிவு வரும்போது வண்டி போயிருக்கும். வாத்தியாருக்கும் அப்படித்தான் வந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் அவராகப் படித்துப் படித்து ஒரு வெப்சைட் போட்டார். ஊர்ப் பலகை என்று பெயர். வெளிநாட்டில் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் வந்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். முதல் வரியிலேயே தன் பெயரையும் ஸ்டேஷன் ரோட்டையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

"எதுக்கு வாத்தியாரே இவ்ளோ பெருசா?" என்று கேட்டேன்.

"அவ என்னிக்காவது என் பேரப் போட்டுத் தேடுவா பாலு. தேடினா இது வரணும். ஒரு வரி எழுதினா போதும், நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஊருக்கே பலகை, உள்ளுக்குள் அது ஒருத்திக்காக. என்னிடமும் கெங்கம்மாளிடமும் தவிர அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கெங்கம்மாள் அவர் மனைவி. மதியச் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்கிற முதல் கேள்வி, "எதுனா வந்துதா?" என்பதுதான்.

வந்தது. குவைத்திலிருந்து ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் மழை பெய்ததா என்று கேட்டார். அரக்கோணத்து ரயில்வே குடும்பம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு வணக்கம் சொல்லியது. சந்திரா மட்டும் எழுதவில்லை.

அப்புறம்தான் அந்தச் சனியன்கள் வந்தன. எங்கோ ஓடுகிற மெஷின்கள், பாட் என்பார் வாத்தியார். ஆள் மாதிரியே உள்ளே வந்து மாத்திரை விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் ஒட்டிவிட்டுப் போகும். காலையில் துடைத்தால் மதியம் மறுபடி நிறைந்திருக்கும். இவ்வளவு கூட்டம் வந்தால் இடத்தைப் பிடுங்கிவிடுவோம் என்று சைட்டுக்கு இடம் கொடுத்த கம்பெனியும் மிரட்டியது. வாத்தியாருக்கு வேறு பயம். "இந்தக் குப்பைல அவ எழுதினது மாட்டிகினு, நானே அழிச்சிட்டா?" என்பார்.

பெரிய கம்பெனிகள் கோணல்மாணலான எழுத்துப் படத்தைக் காட்டி, படித்து அடி என்று கேட்குமாம். நம் டெலிபோன் லைனில் அந்தப் படம் இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் வாத்தியார் மெலிசாக ஒரு வாசல் கட்டினார். சைட்டுக்குள் நுழையும் முன்பே ஒரு கேள்வி, ஒரு கட்டம். பதில் சரி என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு அனுமதிச் சீட்டுப் போட்டுவிடும். மறுபடி வரும்போது கேட்காது. தப்பென்றால் இன்னும் இரண்டு வாய்ப்பு. அப்புறம் கதவு சாத்தல். எழுத்துப் பிழைக்கெல்லாம் அது மல்லுக்கு நிற்காது. எப்படி அடித்தாலும் புரிந்துகொள்ளும்படி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். மனிதர் மறுபடி இளைஞனாகிவிட்டார் என்றே சொல்வேன். மெஷின்கள் வாசலிலேயே முட்டிக்கொண்டு திரும்பின. அரக்கோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றும், கனகம்மாசத்திரத்து லாட்ஜ்காரரும் கேட்க, அவர்களுடைய சைட்டுக்கும் இங்கிருந்தபடியே காவல் போட்டுக் கொடுத்தார்.

ஊர்ப் பலகைக்கு அவர் வைத்த கேள்வி இதுதான்: ஸ்டேஷன் ரோடு முனை டீக்கடை யாருடையது?

பரந்தாமனுடையது. திருத்தணியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். குவைத்துக்காரர் லீவில் வந்தால் பெட்டியை இறக்கிவிட்டு முதலில் போவது அங்கேதான். உலகத்தில் எந்த மெஷினுக்கும் தெரியாது. நாங்கள் எல்லோரும் வாத்தியாரின் மூளையை மெச்சினோம்.

மெஷின்தானே என்று, மூன்று தடவையும் தப்பாகச் சொன்னால் தெரிய வேண்டிய வாசகத்தையும் வேடிக்கையாக எழுதி வைத்தார். 'உனக்கும் இந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போ. இப்படிக்கு, துளசிங்கம்.' கடைக்கு வந்த பையன்களெல்லாம் வேண்டுமென்றே தப்பாக அடித்து, திட்டு வாங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வாசப்படில நிக்க வெச்சி யாராவது இப்பிடி சொல்லுவாங்களா? அழிச்சிடுங்க" என்றாள்.

"ஆளா வருது? மிஷினு. அதுக்கு இன்னா மரியாத வாண்டிகிது?" என்றார் வாத்தியார்.

வாசல் நன்றாக வேலை செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கெங்கம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு வருவாள், கேட்பாள், போவாள்.

ஒரு நாள் காலையில் சௌமியா வந்தாள். சந்திராவின் சினேகிதி, அவளோடு சேர்ந்தே டைப்ரைட்டிங் படித்தவள், அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். வந்தவள் உட்காரவில்லை.

"உங்க மூஞ்சிலயே முழிக்கக் கூடாதுன்னு ஒரு வருசமா இந்த ரோட்டுப் பக்கமே வர்ல சார். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பெத்த பொண்ண அப்பிடி எழுதித் தொரத்துவீங்களா?"

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"போன வருசம் சந்திரா எனக்குப் போன் பண்ணுச்சு சார். உங்க பேரப் போட்டுத் தேடி உங்க பலகையக் கண்டுபுடிச்சிருக்குது. டீக்கட யார்துன்னு கேட்டுச்சாம். கஜபதி கடைன்னு அடிச்சிருக்குது. இல்லன்னு சொல்லவே, வேற மாதிரி அடிச்சிப் பாத்திருக்குது. மறுபடியும் இல்லன்னுச்சாம்."

கஜபதி கடை. ஆமாம், முன்பு அது கஜபதியின் கடைதான். சந்திரா போன பிறகுதான் கஜபதி கடையைப் பரந்தாமனுக்குக் கைமாற்றிவிட்டு மகனிடம் போனார். சின்ன வயதில் அவள் வாத்தியாரின் விரலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பொறை வாங்கியது கஜபதியிடம்தான். ஊருக்கு வந்து போகிறவனுக்குப் பரந்தாமனைத் தெரியும். வர வழியில்லாதவளுக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு யோசித்துக் கட்டிய மனிதருக்கு இது தோன்றவில்லை. மெச்சிய எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"பொண்ணு பொறந்திருக்குது சார் அதுக்கு" என்றாள் சௌமியா. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "மலைக்கு வந்து மொட்ட போடணும், தாய்மாமன் இல்லாததால நைனா மடியில உக்கார வெக்கணும், வரலாமான்னு கேக்கத்தான் வந்துச்சாம். கடேசில ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல, போன்னு உங்க பேரோட வந்துச்சாம். 'எனக்குன்னே எழுதி வெச்சிருக்காரு சௌமி, இனிமே எந்த மொகத்த வெச்சிகினு வர்றது'ன்னு அழுதுது."

"நம்பர் குடும்மா" என்றார் வாத்தியார். அது அவர் குரலே இல்லை.

"பூத்லேர்ந்து பேசுச்சு சார். அவருக்கு ஆப்பிரிக்காவுல வேல கெடச்சி அடுத்த வாரம் கெளம்பறோம்னுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல."

"அது மிஷினுக்கு எழுதினதும்மா" என்றார். "மிஷினுக்கு எழுதினது." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சௌமியா அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெங்கம்மாளுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். அந்த அம்மாள் என்னை வைதிருந்தால் தேவலை. தூக்கை எடுத்துக்கொண்டு, பேத்திக்கு என்ன பெயராம் என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சௌமியாவுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே வாத்தியார் ஊர்ப் பலகையின் வாசலை எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் லாட்ஜுக்கும் போட்ட காவல் மட்டும் அப்படியே இருந்தது, இன்னும் இருக்கிறது. இங்கே மெஷின்கள் மடை திறந்த மாதிரி உள்ளே வந்தன. கம்பெனிக்காரன் மிரட்டினால் வேறு இடம் பிடித்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். இங்கிலீஷில் இருப்பதையெல்லாம் தானாக அழிக்கிற மாதிரி ஏதாவது செய்யலாமே என்றேன்.

"அவளும் இங்கிலீசு எழுத்துலதானே பாலு அடிப்பா? தமிழ் எழுத்து அந்த ஊரு மிஷின்ல எங்க இருக்கும்?" என்றார்.

ஒன்றையும் அழிப்பதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படிப்பார். மாத்திரை விளம்பரத்தைப் படிப்பார், லாட்டரியைப் படிப்பார், தலையும் வாலும் இல்லாத எழுத்துக் குவியலைப் படிப்பார். பைத்தியம் என்று ரோட்டில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களை நான் வாங்கு வாங்கு என்று வாங்கினேன். ஆனாலும் எனக்கே அவரைப் பார்க்கப் பொறுக்காமல் போன நாள் ஒன்று உண்டு.

ஜெராக்ஸ் பேப்பருக்குச் சில்லறை கேட்க உள்ளே போனேன். திரையில் மெஷின் ஒட்டிவிட்டுப் போன ஒரு வரி இருந்தது. கீழே செருப்புக் கடை விளம்பரம் வேறு. அதே வரியை அதற்கு முன் நூறு முறை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் நன்றாக இருக்கிறது, மறுபடியும் வருவேன் என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்குக் கீழே பதில் எழுதுகிற கட்டத்தில் வாத்தியார் நிதானமாக, ஹையர் சொல்லிக்கொடுத்த விரல்களால் அடித்துக்கொண்டிருந்தார்.

'எப்ப வர்றம்மா? கொழந்தைய கூட்டிகினு வா.'