நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு சொட்டு

அக்டோபர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பனிமூட்டம், சன்னத் தூறல், வராந்தாவில் மாட்டிய வெப்பமானியில் பதினொரு டிகிரி. காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். கார்புரேட்டரிலிருந்து நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு சொட்டுப் பெட்ரோல் அலுமினியத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் எண்ணியபோது வெறும் எட்டு.

இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. கொடைக்கானலைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் முப்பத்தொரு வருடங்களுக்கு முன் வாங்கினேன். அதன் கொட்டகைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அதில் விரல் நுழைகிற இடுக்குகள் ஏழு. வியாழன் மதியத்திலிருந்து என் மனைவி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. திங்கட்கிழமை தீபாவளி. பக்கத்து வீட்டில் அதற்குள் வெடி போட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் கொட்டகையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

கடை இட்லியிலும் பெட்ரோல் நாற்றம். போர்வையில், தலையணையில், நான் குடித்த தண்ணீரில் எல்லாம் அதே நாற்றம். அதுவும் சுத்தமான பெட்ரோல் நாற்றம் இல்லை. இப்போது விற்பதில் ஐந்தில் ஒரு பங்கு எரிசாராயம். பெட்ரோலைக் குடித்துவிட்டு யாரோ பக்கத்தில் படுத்திருப்பதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம காலைக்குள்ள ஒழுக்கு நிக்கணும், வண்டியும் ஓடணும். இல்லேன்னா அந்தத் தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டுங்க. எனக்கு முறுக்குச் சுடுற சோலி கெடக்கு."

அந்தத் தம்பி வட்டக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிறவர். காரைக் கேட்டு நான்கு முறை வந்திருக்கிறார். ஓட்டுவதற்கு இல்லை. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, மண் நிரப்பி, பூச்செடி வைத்து, விடுதி வாசலில் நிறுத்துவதற்கு. "செம செல்ஃபி ஸ்பாட் அங்கிள்" என்றார். இரண்டு நிமிடப் பேச்சில் ஒன்பது அங்கிள். போகும்போது தன் விடுதியின் அட்டை ஒன்றைக் கொடுத்தார். கையால் செய்த காகிதமாம்; அஞ்சலட்டை அளவு, அப்பளத்தின் தடிமன், மேலே ஒரு காய்ந்த இலை வேறு. இதற்கு ஒரு காகிதம், அதற்கு ஒரு கை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் பெட்ரோல் ஒழுகினால் துணி துவைக்கிற மஞ்சள் சோப்பைப் பிசைந்து அப்புவது இங்கே எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்த வைத்தியம். பெட்ரோலில் சோப்பு கரையாது. வத்தலக்குண்டு இறக்கத்தில் நானே இரண்டு முறை செய்திருக்கிறேன். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டர் மூடியின் மூன்று திருகுகளைக் கழற்றினேன். மூடிக்குக் கீழே இடைவெளியை அடைக்கும் காகித வளையமான கேஸ்கட் மக்கி உதிர்ந்திருந்தது. அதன் இடத்தில் சுற்றிலும் சோப்பைத் திரித்து வைத்து மூடினேன். திங்கள், செவ்வாய், இரண்டு நாளும் சொட்டு பூஜ்யம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதன் மாலை மறுபடி ஆரம்பித்தது.

எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன மெக்கானிக் சனிக்கிழமை பத்து பத்துக்கு வந்தார். நாற்பது வருடமாக மலை ஜீப்புகளைப் பார்த்த ஆள். தட்டைப் பார்த்தார், சொட்டைப் பார்த்தார், பெட்ரோல் வரும் ரப்பர் குழாயை மடித்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். ஒழுக்கு நின்றது. பதினொரு விநாடி வேலை. நான் மூன்று நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மூடியைத் திறந்தார். உள்ளே சளி பிடித்த குழந்தையின் மூக்கில் பார்ப்பதுபோல மஞ்சளாக, கொழகொழவென்று ஒன்று தேங்கியிருந்தது. ஒரு விரலில் எடுத்து முகர்ந்தார்.

"எந்தக் கூறுகெட்டவன் சார் இதுல சோப்பு வச்சது?"

பழைய வண்டி, பல கை மாறியது என்று சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"போன ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்கு வச்சாருங்க. என் சோப்புதான். பாதிக் கட்டியக் காணோம்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "அது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் சரி சார். இதுல சாராயம்ல கெடக்கு. சாராயத்துல சோப்பு கரஞ்சு போகும்ல. இத நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்."

முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் நிரம்பினால் அது மேலே எழும்பி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். என் சோப்பு அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு அடையவிடாமல் செய்திருந்தது. எட்டை ஐம்பத்திரண்டு ஆக்கியவன் நான். போதாததற்கு, சரிவான கொட்டகையில் காரின் மூக்கு கீழே பார்க்க நிறுத்தியிருந்தேன். பின்னால் இருக்கும் தொட்டி மேலே, கார்புரேட்டர் கீழே. ஒழுக வேறு எந்தத் திசையும் அதற்கு இல்லை. முதலாம் ஆண்டுப் பையன்களுக்குக் கரும்பலகையில் இதைத்தான் வரைந்து காட்டியிருக்கிறேன்.

சோப்பை எடுக்கக் கொதிக்கிற தண்ணீர் வேண்டும் என்றார். தட்டிலிருந்த பெட்ரோலைத் தோட்டத்துக் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்தோம். தரையைத் துடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதன்பிறகே அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு நாளுக்குப் பின் எங்கள் அடுப்பில் முதலில் வெந்தது கார்புரேட்டர் மூடியும் ஊசியும்தான். தண்ணீரில் நுரை பொங்கியது.

அடுத்து கேஸ்கட். இந்த வண்டிக்குத் திண்டுக்கல்லிலும் கிடைக்காது, தடித்த காகிதம் இருந்தால் வெட்டிவிடலாம் என்றார். கல்யாணப் பத்திரிகை மூன்று கொண்டு வந்து கொடுத்தேன். பளபளப்புப் பூச்சு பெட்ரோலில் உரிந்துவிடும் என்று மூன்றையும் தள்ளினார். அப்போது கதவருகே வந்து நின்ற என் மனைவி கையை நீட்டினாள். கையில் விடுதிக்காரரின் அட்டை.

"இது ஆகுமா பாருங்க."

அவர் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தார், நாவில் வைத்துப் பார்த்தார். "அருமையான பேப்பர் சார்." காய்ந்த இலையை நகத்தால் நெம்பி எறிந்துவிட்டு, அட்டையைக் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துச் சுத்தியலின் உருண்டை முனையால் சுற்றிலும் தட்டினார். விளிம்பின் வடிவத்திலேயே கத்தரித்து வந்தது. விடுதியின் தொலைபேசி எண்ணில் ஆறு இலக்கங்கள் கீழே விழுந்தன. மீதி நான்கு உள்ளே போயின.

மூடியைப் பூட்டி, குழாயில் கட்டிய கம்பியை அவிழ்த்தார். ஏழாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. கொட்டகை முழுதும் கரும்புகை, அதையும் சகித்தேன். மூக்கு மேட்டைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி, பத்து நிமிடம் எண்ணினேன். எண்ண ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு, என் மனைவி சொல்லி வைத்திருந்தபடி, விடுதிக்காரர் சின்ன லாரியும் கயிறுமாக வந்தார். என் மனைவிதான் பதில் சொன்னாள்: "அது ஓடுது தம்பி." அவர் முகம் விழுந்தது. மனசு மாறினால் கூப்பிடுங்கள், கார்டு இருக்குதானே அங்கிள் என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொன்று கொடுத்தார். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அடுத்த கேஸ்கட்டுக்கு ஆகும்.

முறுக்கு சுட முடியவில்லை. பலகைச் சுவரை ஒட்டி வைத்திருந்த மாவு டின்னைத் திறந்ததும் அவள் என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். முகர்ந்தேன். தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டினோம். பலகாரம் கடைத்தெருவில் வாங்கினோம். பத்து நாள் காய்ந்த எண்ணெயில் பொரித்தது. ஒரு கடிக்கு மேல் இறங்கவில்லை. மெக்கானிக் கூலி, ஒழுகின நாலு லிட்டர், கடைச் சாப்பாடு, தின்ன முடியாத பலகாரம், அரைக் கட்டிக்காக ஒரு முழு சோப்பு, எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய்.