கைண்ட்லி என்று ஒரு கடிதம்

கட்டப்பனையில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். போன வாரம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், ப்ளீஸுக்கும் கைண்ட்லிக்கும் என்ன வித்தியாசம்?"

சுலபமான கேள்விதான். ப்ளீஸ் வாயில் வரும். கைண்ட்லி காகிதத்தில் வரும். 'கைண்ட்லி வெயிட்', 'கைண்ட்லி நோட்', 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' — வரிசையாகப் போர்டில் எழுதினேன். பக்கத்தில் 'தயவுசெய்து' என்று பொருளும் எழுதினேன். அதற்கு மேல் முடியவில்லை... தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

இரண்டு மாதம் முன்பு அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவள் அம்மா. எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் — அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இதையும் தடுமாறாமல் தமிழில் சொன்னேன்: "ஓய்வு பெற்றுவிட்டதால், தயவுசெய்து ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கவும்."

அம்மா எந்த வார்த்தையில் நின்றாள் தெரியுமா?

"தயவுசெஞ்சுன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. கைண்ட்லி."

"ஆபீஸ்ல இருந்து நம்மகிட்ட இப்படி யாரும் கேட்டதில்லட்டி. அப்ப நாம யோசிச்சுப் பதில் சொல்லலாம்."

அது வெறும் எழுத்து வழக்கம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

மறுநாள் சர்ச்சுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா எஸ்டேட் ஆபீசுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

"மரியாதையா தயவுசெஞ்சுன்னு கேட்டிருந்தீய சார். ராத்திரி பூரா யோசிச்சேன். போறதுக்கு எனக்கு வேற வீடு இல்ல. அதான், முடியாதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கிளார்க் சிரித்துவிட்டார். கெட்டவர் அல்ல. "சேச்சி, அது சும்மா எழுதுறதாக்கும். எல்லாருக்கும் ஒரே லெட்டர்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "மகள் வேலைக்குப் பேர் கொடுத்தா வீடு உங்களுக்கே இருக்கும்."

எங்கள் மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த வழி. வீட்டில் ஒருவர் கொழுந்து எடுத்தால் வீடு நிற்கும். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவ டீச்சரு சார்," என்றாள். "சாவிய யார்ட்ட கொடுக்கணும்?"

இப்போது கட்டப்பனையில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அம்மா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். குறை எதுவும் சொல்வதில்லை.

தயவுசெய்து நீ வேலைக்குப் பேர் கொடு என்று அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒருவர் தயவாகக் கேட்டால், முடியாது என்று சொல்ல அடுத்தவருக்கு உரிமை உண்டு என்று நம்புகிறவள் அவள்.

நானும் முடியாது என்றுதான் சொல்வேன் என்று தெரிந்துதான், கேட்காமல் இருந்துவிட்டாள்.