தவிட்டுக்கு வாங்கிய மந்திரவாதி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தேன். மழை எவ்வளவு, காட்டில் தீ எங்கே என்று காலையில் கீழே போளூருக்குச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. பிறகு பேச ஆள் கிடையாது. பஸ் வருவதே அபூர்வம். வந்தாலும் எனக்காக அதிலிருந்து இறங்க யார் இருக்கிறார்கள்? பைத்தியம் பிடிக்காமல் இருக்க எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது.

எங்களுக்கு என்றால், போளூர் ஆபரேட்டர், ஜமுனாமரத்தூர் ஆபரேட்டர், நான். சாயங்காலம் அதிகாரிகள் கிளம்பியதும் போளூர்க்காரர் கதையை எடுப்பார். "ரெண்டு பேரும் ஒரு பாழுங்கோட்டை வாசல்ல நிக்கிறீங்க. உள்ள யாரோ இருமுறாங்க. இன்னா செய்றீங்க? ஓவர்." ஜமுனாமரத்தூர்க்காரர் வீரன், எதற்கெடுத்தாலும் வாளை உருவுவார். நான் மந்திரவாதி. பறக்கும் கயிற்றுக்கட்டில் ஒன்று வைத்திருந்தேன். வெட்டு விழுந்ததா, மந்திரம் பலித்ததா என்பதை, ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டிப் பார்த்துப் போளூர்க்காரர் சொல்வார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் உருட்டியதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

எனக்குச் சமைத்துப் போட்டவர் பக்கத்து மலையூர்க்காரர். அவர் மனைவி விறகும் தண்ணீரும் கொண்டு வருவார். பிறந்த இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள். இருவரும் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து கதை கேட்பார்கள். அவர்களைப் பார்த்து ஊரே வர ஆரம்பித்தது. விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் என் கட்டில் ஒரு ஆலமரத்தில் மாட்டிக்கொண்ட மறுநாள், மந்திரவாதி இறங்கியாச்சா என்று கேட்டு ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பினார்.

அப்புறம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு நான் நினைத்ததெல்லாம் அந்தக் கட்டிலைத்தான். சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நிஜம். உடம்பு தேறி மலை ஏறியபோது பஸ் நிற்கும் இடத்தில் ஊர்க்கவுண்டர் மொட்டைத் தலையோடு நின்றார். திருப்பதி போய் வந்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் ஆனதுதான் தாமதம், மைக்கை எடுத்தேன். மந்திரவாதி வந்துவிட்டான், கட்டில் எங்கே என்று கேட்டேன்.

"சார், நீங்க செத்துட்டீங்க. ஓவர்" என்றார் போளூர்க்காரர்.

நான் இல்லாததால் மந்திரவாதியைத் தூங்க வைத்திருந்தார்களாம். தூங்குகிறவனை வீரன் எத்தனை நாள்தான் தோளில் சுமப்பான்? ஒரு குகையில் கிடத்திவிட்டுப் போயிருக்கிறான். ராட்சசன் வந்து தின்றுவிட்டான். எனக்கு வந்ததே கோபம். இங்கே மனுஷன் கல்லீரல் வீங்கிக் கிடக்கிறேன், இவர்கள் என்னை ராட்சசனுக்குப் போட்டிருக்கிறார்கள்! வாய்க்கு வந்தபடி பேசினேன். போளூர்க்காரர் பாவம், இறங்கி வந்தார். ராட்சசனுக்கு அஜீரணம், முழுசாகத் துப்பிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குச் சம்மதம்.

ஆனால் பின்னால் நின்ற சமையல்காரர் தொண்டையைச் செருமினார். "அது முடியாதுங்க சார். கருமாதி ஆயிடுச்சு."

எனக்குக் கருமாதி! நான் இல்லாதபோதும் சமையல்காரர் சாயங்காலம் ஒயர்லெஸ் பெட்டியைப் போட்டு ஊருக்குக் கதை கேட்க வைத்திருக்கிறார். மந்திரவாதிக்கு உறவு என்று யாரும் இல்லாததால் ஊர்க்கவுண்டரே மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்கே சாமைச் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். கவுண்டரை வரவழைத்து, இதெல்லாம் வெறும் விளையாட்டு இல்லையா என்று கத்தினேன்.

"வெளயாட்டுதான் சார், யாரு இல்லன்னது?" என்றார் அவர். "ஆனா கருமாதி வெளயாட்டு இல்லீங்களே."

காரியம் முடிந்த ஆள் அப்படியே திரும்பி வந்தால் அது பேய், பெட்டியில் பேய் பேசினால் ஊரில் பிள்ளைகுட்டிகள் பயப்படும் என்றார். வேண்டுமானால் புதிதாகப் பிறந்து வரட்டும். ஆனால் ஒரு தடவை செத்த உயிர் தங்காது. தங்காத பிள்ளைக்கு ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்ய வேண்டும். முறத்தில் போட்டு, ஒரு படி தவிட்டுக்கு யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டு விலைதானே, எதற்கு இது என்று எமன் விட்டுவிடுவான். நியாயம் கேட்டுப் போளூரைக் கூப்பிட்டேன். ஊர் சொன்னால் சரிதான் என்று அந்த ஆளும் கைவிட்டார்.

வாங்குவது யார்? சமையல்காரரின் மனைவி எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு படி சாமைத் தவிட்டோடு வந்தார்.

முறத்தில் நான் பாதிதான் அடங்கினேன், அதற்கே விளிம்பு தெறித்தது. தவிட்டைக் கவுண்டரின் துண்டில் கொட்டிவிட்டுச் சமையல்காரரின் மனைவி என் தலையில் கை வைத்தார். என்னைவிட வயதில் சின்னவர். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை, வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் போளூர்க்காரர் இன்னொரு குண்டு போட்டார். கட்டில் கிடையாது, மந்திரம் கிடையாது, பச்சைக்குழந்தை பேசவும் கூடாது. அப்படியானால் நான் எப்போது பேசுவது என்று கேட்டேன். இப்போதுகூடப் பேசக் கூடாது என்றார். தாய்தான் பேச வேண்டுமாம். இதற்கா இத்தனை மாதம் காத்துக் கிடந்தேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மலையில் எனக்கு வேறு என்ன இருந்தது?

தன் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கில் அழுத்த வேண்டிய இடத்தைச் சமையல்காரர் காட்டினார். போளூர்க்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "அம்மா, புள்ளைய எடுத்துக்கினு காட்டு வழியா போறீங்க. எதிர்ல அதே ராட்சசன். இன்னா செய்றீங்க? ஓவர்."

"நான் எதுக்குப் போறேன்?" என்றார் அவர். "புள்ளைய வெச்சிக்கினு யாராவது அங்க போவாங்களா? வூட்லதான் கீறேன்."

போகமாட்டேன் என்று அதுவரை யாருமே அந்த விளையாட்டில் சொன்னதில்லை. கொட்டையை உருட்டிப் பார்க்கப் போளூர்க்காரருக்கு ஒன்றுமே இல்லை. கடைசியில் ஜமுனாமரத்தூர்க்காரர்தான் வாய் திறந்தார். "அப்ப நான் வாசல்ல காவல் கீறேன்மா. ஓவர்."

அதோடு கோட்டை, குகை எல்லாம் போயிற்று. தினமும் சாயங்காலம் சமையல்காரரின் மனைவி நாற்காலியில் உட்காருவார். பிள்ளை பால் குடித்ததா, தூங்கியதா என்று போளூர்க்காரர் கேட்பார். வீரன் ஈ ஓட்டுவான். நான் பின்னால் பெஞ்சில் வாய் பேசாமல் உட்கார்ந்து, எப்போதடா வளர்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் போளூர்க்காரருக்கே அலுத்துவிட்டதோ என்னவோ, கதையைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்தார்.

"அம்மா, புள்ளைக்குக் கீழ்ப்பல் ரெண்டு மொளச்சிருக்குது. ஓவர்."

சமையல்காரரின் மனைவி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சமையல்காரர் சட்டென்று வெளியே போய்விட்டார். தங்கள் இரண்டு பிள்ளைகளும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன என்று பிற்பாடுதான் எனக்குச் சொன்னார். போளூரில் இருந்த மனிதருக்கு இது எப்படித் தெரியும்? காதில் விழவில்லையோ என்று அவர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் எழுந்து மைக்கை வாங்கப் போனேன். அந்த அம்மா கொடுக்கவில்லை.

"இன்னொரு தபா சொல்லுங்க" என்றார்.

போளூர்க்காரர் இன்னொரு தடவை சொன்னார்.