கல்லூரியில் சேரப் போய்க் குசினிப் பக்கம் நின்றோம்

என்னை ஆறாம் வகுப்புக்கு, கல்லூரி என்று நாங்கள் சொல்லும் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போன அன்று அட்டனில் வழக்கம்போலத் தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. முதல் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தோம். அம்மா என் தலையில் வைத்த எண்ணெய் காதோரம் வழிந்து புதுச் சட்டையின் கழுத்தை நனைத்திருந்தது. நோர்வூட் கடைத்தெருவில் தைத்த சட்டை. தையற்கார நானா, "வளர்ற புள்ளதானே" என்று தாராளமாக அளவெடுத்திருந்தார். அதற்குள் என்னோடு இன்னொருத்தியும் இருந்திருக்கலாம். அப்படியும் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி முடியாது. ஈரக் கம்பளி வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்த அந்த பஸ் இப்போதும் நினைவுக்கு வருகிறது. வந்தால் ஒரு நாள் முழுக்கப் போக மாட்டேன் என்கிறது.

அப்பாவின் கக்கத்தில் ஒரு சேவல் இருந்தது. பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போவது எங்களிடம் வழக்கமில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தில் இருந்ததிலேயே நல்ல சேவலைப் பார்த்து அம்மா பிடித்துக் கொடுத்திருந்தாள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரே பிரம்பு. அதை முடித்த பிள்ளைகள் நேரே கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். நானும் முடித்துவிட்டேன். மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம காலைல பெரட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு. பேரப் பதிஞ்சுருவோம்."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே ஒரு தரம் பேர் பதிந்து கூடையை மாட்டிய பெண் திரும்பப் புத்தகத்தைத் தூக்கியதாக எங்கள் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கல்லூரியில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதோ அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைதான் என்று வாத்தியார் விசாரித்துச் சொல்லியிருந்தார். அதைத் தவற விட்டால் எனக்குத் திங்கட்கிழமை கூடைதான். எனக்கு இது நன்றாகவே தெரியும்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் முடியாது. அதனால் முந்தின நாளே அப்பாவுக்குப் பாடம் நடத்திவிட்டாள். "போற எடத்துல வாயத் தொறந்து பேசுங்க. தொரையக் கண்ட மாதிரி நிக்காதீங்க." அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை செய்தவர். மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து பேச்சே குறைந்துபோன மனிதர். ஏன் என்னைப் படிக்க வைக்கிறார் என்று யாராவது கேட்டால், "படிக்கட்டுமே" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கல்லூரி மேட்டில் இருந்தது. முன்னால் அகலமான கருங்கல் படிகள், தூண்கள், பூச்செடிகள். அப்பா அந்தப் படிகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவரை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் திரும்பிக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஏன் என்று கேட்கவே தோன்றவில்லை.

தோட்டத்தில் துரையின் பங்களாவுக்கு எங்கள் ஆட்கள் அப்படித்தான் போவார்கள். கல்யாணத்துக்கு லீவு கேட்பதானாலும், கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று சொல்வதானாலும், பின்பக்கம் போய்க் குசினி வாசலில் நிற்க வேண்டும். சமையல்கார அப்பு உள்ளே போய்ச் சொல்வார். துரைக்கு மனம் வந்தால் வெளியே வருவார். வராவிட்டால் மறுநாளும் போய் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவரைப் பார்க்க வேறு வழி இருக்கிறது என்பதே அப்பாவுக்குத் தெரியாது.

பின்பக்கம் மாணவர் விடுதியின் குசினி இருந்தது. பெரிய அண்டாவில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் ஒரு சிங்களவர். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"இன்னிக்கு கோழி வேணாம்."

"விக்கிறதுக்கு இல்லீங்க," என்றார் அப்பா. "பெரிய தொரைக்குக் கொண்டாந்தது. புள்ளைய சேக்கணும்."

"பெரிய மாத்தயா மச்சம் தின்ற இல்ல. மரக்கறி மட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் அண்டாவைக் கிண்டப் போய்விட்டார். சேவலுக்குத்தான் அன்று நல்ல காலம்.

அப்பா அசையவில்லை. சமையல்காரர் உள்ளே போய்ச் சொல்லுவார் என்று அவருக்கு நம்பிக்கை. சமையல்காரரோ எங்களை அதோடு மறந்துவிட்டார். தேங்காய் திருவினார், அரிசி களைந்தார், இடையில் எனக்கு ஒரு துண்டு கருப்பட்டிகூடக் கொடுத்தார். உள்ளே போனதாகத் தெரியவில்லை. நாங்கள் கூரை விளிம்பில் தூறலுக்கு ஒதுங்கி நின்றோம். சுவர் முடிகிற இடத்தில் எட்டிப் பார்த்தால் முன்பக்கம் தெரிந்தது. பிள்ளைகள் தாய் தகப்பனோடு அந்தக் கருங்கல் படிகளில் ஏறிப் போனார்கள், சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஏறுகிறவர்கள் வரவரக் குறைந்தார்கள்.

"அப்பா, எல்லாரும் முன்னாடியே போறாங்க. நாமளும் போவோம்."

"அவங்க கிளாக்கர் வூட்டு ஆளுங்க. சும்மா இரு புள்ள. தொரை வருவாரு."

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். அன்று அது தலைக்கே ஏறிவிட்டது. திங்கட்கிழமை கூடையைச் சுமக்கப் போகிறவள் நான், இவர் இங்கே பருப்பு வேகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று பொருமினேன். படிகளில் ஏற ஆளே இல்லை என்று கண்டதும் ஓடினேன். அப்பா பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

படியேறி முதலில் திறந்திருந்த அறைக்குள் போய் நின்றேன். வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர் மேசைக்குப் பின்னால் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அவர்தான் அதிபர், கல்லூரியின் தலைமையாசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆரோட வந்தனீர் பிள்ளை?"

"அப்பாவோடங்க."

"அப்பா எங்க?"

"பின்னாடி நிக்கிறாங்க. குசினிகிட்ட."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கோபத்தில் வாசித்ததால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கும். போதும் என்று கையைக் காட்டினார். ஒரு கணக்கைச் சொன்னார், வாயாலேயே போட்டேன். "நல்லது. ஆனா தகப்பன் வந்து கையெழுத்து வைக்கவேணும். அது இல்லாமல் சேர்க்க ஏலாது," என்று எழுந்தார். என்னை முன்னால் விட்டுச் சாப்பாட்டு மண்டபம் வழியாகக் குசினிக்கு நடந்தார்.

அவரைக் கண்டதும் அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கப் போனால் அங்கே சேவல் இருந்தது. சேவலைக் கைமாற்றினால் துண்டு விழுந்தது. துண்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

"முன்னுக்கு வாங்கோ. கையெழுத்து வைக்கவேணும்," என்றார் அதிபர்.

"இங்கனயே வச்சிர்றேங்க தொரை."

"இங்க மேசை இல்லை. கந்தோர் அறைக்கு வாங்கோ." சொல்லிவிட்டு அவர் வந்த வழியே போய்விட்டார்.

அப்பா தன் கால்களைப் பார்த்தார். பாதையெல்லாம் சேறு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். என்னைப் பார்த்தார். நான் ஏதாவது பேசினால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். மத்தியான மணி எந்த நேரமும் அடித்துவிடும். அவர் சேவலைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் விழும் பீலியடிக்குப் போனார். ஒவ்வொரு காலாக, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். அவ்வளவு நேரம் யாரும் கால் கழுவி நான் பார்த்ததில்லை. பிறகு சுவரைச் சுற்றி முன்பக்கம் வந்து, ஓரமாக, தூணை ஒட்டியே படியேறினார்.

அறைக்குள் அதிபர் நாற்காலியைக் காட்டி, "இருங்கோ" என்றார். அப்பா நின்றார். அவர் இன்னொரு தரம் சொன்னார். அப்பா நாற்காலியின் விளிம்பில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் தன் பேரை எழுத்தெழுத்தாக எழுதினார். மணி அடித்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை எனக்குக் கூடை இல்லை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். அப்பா உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"தவணைக்கு ஒருக்கா வந்து என்னைப் பாருங்கோ," என்றார் அதிபர். "பிள்ளை எப்பிடிப் படிக்குதெண்டு சொல்லுவன்."

அப்பா தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். வாயைத் திறந்து தானாக ஒன்று கேட்டது அப்போதுதான்.

"அப்ப வர்றப்பவும் தொரை, இந்த வழியாவே வரலாங்களா?"

அதிபர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இதாலதான் வரவேணும் ஐயா," என்றார்.

என் அப்பாவை ஒருவர் ஐயா என்று கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை. இடம் கிடைத்ததற்கு அழாதவள் அதைக் கேட்டு அழுதேன்.