ரங்கசாமி சொன்ன ‘சரிங்க’

தொண்ணூறுகளில் கோவையில் ஓர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பெருந்துறைப் பட்டறை ஒன்றில் பிரஸ் இயந்திரத்தின் சட்டத்தில் மயிரிழை விரிசல். நாலு விரல் தடிமன் இரும்பு. ஓட்டலாமா என்று கேட்டு, அதே வார்ப்பில் மிஞ்சிய கட்டையைக் கொடுத்தார்கள். அவ்வளவு தடிமன் எங்கள் இயந்திரத்துக்குள் நுழையாது. மெல்லிய துண்டாக அறுத்து, விரிசல் உண்டாக்கி இழுத்தேன். ஜவ்வு மிட்டாய் போல நீண்டு மெதுவாகக் கிழிந்தது.

பட்டறைக்குப் போய், பிரஸ் ஓட்டும் ரங்கசாமியிடம், “தாங்குமுங்க, பயப்படாம ஓட்டுங்க” என்று அறிக்கைத் தாளை நீட்டினேன். அவர் விரிசலை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரிங்க மேடம்” என்றார்.

மறுநாள் காலை, மிச்சமிருந்த தடித்த கட்டையிலும் அதேபோல விரிசல் உண்டாக்கி, சும்மா ஒரு கல்லூரியின் பெரிய இயந்திரத்தில் மாட்டி இழுத்தேன். வெடிச்சத்தம். ஓடு போலப் படக்கென்று உடைந்து கிடந்தது. மெல்லிய துண்டில் விரிசலின் முனை நெகிழ்ந்து கொடுத்தது. தடித்ததில் சுற்றியிருந்த இரும்பே அதை நெகிழ விடாமல் இறுக்கிவிட்டது. பரீட்சைக்குப் படித்ததுதான்.

பட்டறையில் போனை யாரும் எடுக்கவில்லை. பஸ் ஏறினேன். வழி முழுக்க ரங்கசாமியின் கைகள்தான் கண்முன் நின்றன.

ஓடிப்போய்ப் பார்த்தால் பிரஸ் ஓடவில்லை.

“கரண்ட் இல்லீங்களா?”

“இருக்குதுங்க. படிச்சவங்க சொல்றப்ப மாட்டேன்னு சொல்ல வாய் வருலீங்க. ஓட்டவும் மனசு வருலீங்க. பெல்ட் அந்துபோச்சுன்னு மொதலாளிகிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க.”

இன்றும் என் அறிக்கையை வாங்கிக்கொண்டு யாராவது ‘சரிங்க’ என்றால், நான் உடனே கிளம்புவதில்லை. “நீங்க ஓட்டுவீங்களா?” என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.